மாஞ்சோலைத் தஃப்தரும் ஒரு ரவுட்டரும்



எங்கள் சிறிய அலுவலகத்துக்கு ஒரு ரவுட்டர் வாங்குவதற்காக நாங்கள் நான்கு முறை மஷூரா கூடினோம் என்றால் சிலருக்கு நகைப்பாக இருக்கும். மூன்று கணினிகள், ஓர் அச்சுப்பொறி, ஒரு ஸ்கேனர்; இவற்றுக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கக் கூடாதா என்று எங்களுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. நான்கு அமர்வுகள் ஏன் தேவைப்பட்டன என்பதை எழுதி வைத்தால், இதே நிலையிலுள்ள மற்ற மஹல்லாக்களுக்கும், சிறிய கடை, சிறிய அலுவலகம் நடத்தும் சகோதரர்களுக்கும் உதவக் கூடும் என்று எண்ணி எழுதுகிறோம்.

முதலில், அந்தக் கணினிகளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

மணிமுத்தாறு அணையைக் கடந்து மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் அடுத்தடுத்து வரும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மலை அது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே அடங்கியவர்கள் பலர். அவர்களுள் முஸ்லிம் குடும்பங்கள் மிகச் சில. எங்களுள் மூவர் வெவ்வேறு காலங்களில் மேலே தங்கி அந்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம். அஸர் முடியுமுன்னரே மேகம் இறங்கி ஜன்னலை மூடிவிடும். அட்டைப் பூச்சிக்கு உப்பும் மூக்குப்பொடியும் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வருவார்கள். 2024 ஜூனில் தோட்ட வேலை நின்றது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் கேரளத்துக்கும் சிதறின. அவர்களோடு ஒரு தகரப் பெட்டியும் இறங்கியது.

பெட்டிக்குள் நிகாஹ் தஃப்தர்கள், ஜனாஸா பதிவுகள், பைத்துல்மால் கணக்கு, ஆண்டுதோறும் ஜகாத் பெற்றவர்களின் பட்டியல், தலாக் மற்றும் குலா குறித்த மனுக்கள். மலை ஈரத்தில் பாதி ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து, உலர்த்தி, ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஊர் கலைந்துபோனால் அந்த ஊரில் நடந்த நிகாஹுக்குச் சாட்சி அந்தக் காகிதம் ஒன்றுதான். பாஸ்போர்ட்டுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அதைத் தேடித்தான் எங்களிடம் வருகிறார்கள்.

ஏடுகள் அம்பாசமுத்திரம் பக்கத்து அலுவலகத்தில் உள்ளன. கணக்குப் பார்க்கும் சகோதரர்களோ மேலப்பாளையத்தில் ஓர் அறையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே கோப்புகள் வேண்டும். இங்கேதான் நாங்கள் தவறினோம்.

அவசரத் தேவை ஒன்று வந்தபோது, இணைப்பு நிறுவனம் கொடுத்த மோடத்திலேயே ஒரு வழியைத் திறந்து, மேலப்பாளையத்திலிருந்து எங்கள் கணினியின் திரையை நேராகக் காணும்படி அமைத்துவிட்டோம். ரிமோட் டெஸ்க்டாப் என்பார்கள். அதன் வாசல் எண் 3389. அரை மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். மூன்று வாரம் கழித்து எங்கள் மாணவர் ஒருவர், கல்லூரியில் கணினி படிப்பவர், அந்தக் கணினியின் நிகழ்வுப் பதிவைத் திறந்து காட்டினார். தவறான கடவுச்சொல்லோடு உள்ளே நுழைய முயன்ற பதிவுகள் பக்கம் பக்கமாக ஓடின. நள்ளிரவிலும் ஃபஜ்ர் வேளையிலும் சில நொடிக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் மனிதர்கள்கூட அல்ல. இணையம் முழுவதும் திறந்த வாசல்களைத் தேடித் திரியும் நிரல்கள். எவரும் உள்ளே வந்ததற்கான தடயம் இல்லை. அன்றே வாசலை அடைத்தோம்.

சூரா அந்நூரின் 27, 28ஆம் வசனங்களை நாங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பிறர் வீட்டில் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையாதிருத்தல், திரும்பிப் போகச் சொன்னால் முகம் கோணாமல் திரும்புதல் ஆகிய ஒழுக்கங்கள் அங்கே உள்ளன. அனுமதி கேட்க ஒரு கதவு இருந்தாக வேண்டும் என்பதை, பிறருடைய ரகசியங்களைக் காக்கப் பொறுப்பேற்ற நாங்களே மறந்திருந்தோம்.

நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று முதல் மஷூராவில் கருத்து வேறுபட்டது. ஒன்றும் களவு போகவில்லையே, ஏன் பீதி கிளப்ப வேண்டும் என்றார்கள் சிலர். அமானத்தை ஒப்படைத்தவருக்கு அது ஆபத்தில் இருந்தது என்று அறியும் உரிமை உண்டு என்றே முடிவாயிற்று. ஊத்திலிருந்து இறங்கிய ஓர் உம்மாவின் வீட்டுக்கும் சென்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஜகாத் பட்டியல்ல எம்பேரு இருக்கது ஒண்ணுமில்ல ஹஜ்ரத். தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எம்மவளுக்கு இப்பம் மறுமணப் பேச்சு நடக்கு. அவ குலா கேட்டு எழுதிக் குடுத்த காயிதம் அதுல இருக்குல்லா? அது மட்டும் வெளிய போயிரக் கூடாது.”

அந்த மனுவில் அந்தப் பெண் என்னென்ன எழுதியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் எங்களுள் எவரும் பேசவில்லை. ரவுட்டரின் விலையைப் பற்றிய விவாதம் அன்றோடு நின்றது.

இனி அந்தப் பெட்டியைப் பற்றி.

எங்களுக்குத் தேவைப்பட்டவை இரண்டு. ஒன்று ஃபயர்வால். மாஞ்சோலைக்குப் போனவர்கள் மணிமுத்தாற்று வனத்துறைச் சோதனைச் சாவடியை அறிவார்கள். எந்த வண்டி, எத்தனை பேர், எதற்காகப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் விடுவார்கள். ஃபயர்வாலும் ஒரு சாவடிதான், ஆனால் காவல் எதிர்த் திசையில். உள்ளிருந்து புறப்பட்டுப் போன கேள்வியைக் குறித்துக்கொண்டு, அதற்கு வரும் பதிலை மட்டும் உள்ளே விடும். அழையாமல் வருபவரைத் திருப்பி அனுப்பும். மற்றொன்று வி.பி.என். தோட்டத்துத் தேயிலை லாரி எல்லாரும் போகும் அதே மலைப்பாதையில்தான் இறங்கியது. ஆனால் சரக்கு பெட்டியில் அடைக்கப்பட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வழியில் நிற்பவர் லாரியைக் காணலாம், உள்ளிருப்பதைக் காண இயலாது. அம்பாசமுத்திரத்துக்கும் மேலப்பாளையத்துக்கும் இடையே பொது இணையத்தின் மீதே அப்படியொரு மூடிய போக்குவரத்தை இரண்டு ரவுட்டர்கள் நடத்தும். கணினிகளுக்கு இரண்டு அறையும் ஒரே கட்டடம் போலத் தோன்றும்.

வி.பி.என் என்ற சொல்லைக் கேட்டதும் மஷூராவில் மூத்தவர் ஒருவர் தயங்கினார். தடைசெய்யப்பட்ட தளங்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்க உதவுவது அது என்றே அவர் கேள்விப்பட்டிருந்தார். நம் பெயர்களோடு ‘ரகசியச் சுரங்கம்’ என்ற சொல் சேர்ந்தால் அதை எப்படிப் படிப்பார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அதை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. விசாரித்தோம். இந்தியாவில் வி.பி.என் பயன்படுத்துவதற்குத் தடைச் சட்டம் இல்லை. வங்கிக் கிளைகளும் மென்பொருள் நிறுவனங்களும் அதன்மீதே இயங்குகின்றன. செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று விதித்த ஆணை, பொதுமக்களுக்கு வி.பி.என் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது. நிறுவனங்கள் தங்கள் அலுவலகங்களுக்கிடையே அமைத்துக்கொள்வதற்கு அது பொருந்தாது என்று விளக்கமும் தந்திருக்கிறார்கள். அமீரகத்திலுள்ள நம் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: அங்கே குற்றம் புரியவோ அதை மறைக்கவோ வி.பி.என்-ஐக் கருவியாக்குவது கடும் தண்டனைக்குரியது. எங்கள் பெரியவருக்கு மனம் அமைதியாயிற்று. அமைப்பின் வரைபடத்தையும் இரு முகவரிகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கோப்பில் வைக்கும்படி சொன்னார், வைத்திருக்கிறோம்.

கம்பிவழி ரவுட்டர்தான் வேண்டும் என்பதில் மட்டும் விவாதம் இல்லை. ஏடுகள் உள்ள கணினிகள் மேசையை விட்டு நகர்வதில்லை. அவற்றுக்கு வைஃபை எதற்கு? வைஃபை அலை சுவரைத் தாண்டித் தெருவுக்கும் போகும்; கம்பி போகாது. வருபவர்களுக்கு வைஃபை வேண்டுமானால் அதற்கென்று தனிக் கருவியை, தனி வழியில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் ‘தனி வழி’ என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். எங்கள் மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019இல் நடந்தது நினைவிருக்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் எச்சரிக்கை கொடுத்தது; அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் தன் கட்டமைப்பில் தீங்கு நிரல் கண்டறியப்பட்டதை ஒப்புக்கொண்டது. நுழைந்த இடம் நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி. உலையை இயக்கும் கட்டமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்று கழகம் கூறியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே ஒரு கணினி மாசுபடுவதைத் தடுக்க இயலவில்லை. மாசு பரவாமல் காத்தது பிரிவினை.

எங்கள் அலுவலகத்தைத் திரும்பிப் பார்த்தோம். இணையவழி ஓதும் பிள்ளைகளின் கணினி, விருந்தினர் கைப்பேசிகள், அச்சுப்பொறி, ஜகாத் பட்டியல் உள்ள கணினி, எல்லாம் ஒரே கம்பியில் ஒரே குடும்பமாக இருந்தன. விளையாட்டுச் செயலி என்று நினைத்து ஒரு பிள்ளை எதையோ இறக்கினால் அது அடுத்த மேசைக்கு நடந்தே வந்துவிடும். ஆகவே, ஒரே பெட்டிக்குள் கட்டமைப்பைப் பல அறைகளாகத் தடுக்கும் வசதி, வீலேன் என்பார்கள், அது இல்லாத ரவுட்டர்கள் அனைத்தையும் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

அடுத்தது, வி.பி.என் எந்த முறையில் இயங்குகிறது என்பது. பெட்டியின் மேல் வி.பி.என் என்று அச்சிட்டிருந்தால் போதாது. பி.பி.டி.பி என்ற பழைய முறை மட்டும் உள்ளதை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். அதன் பூட்டு 2012லேயே முழுமையாக உடைக்கப்பட்டுவிட்டது. ஐபிசெக், ஓப்பன் வி.பி.என், வயர்கார்டு ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்க வேண்டும். வேகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் கிகாபிட் என்று போட்டிருப்பது சாதாரணப் போக்குவரத்தின் வேகம். ஒவ்வொன்றையும் பூட்டித் திறந்து அனுப்பும்போது சிறிய பெட்டிகளின் வேகம் பன்மடங்கு குறையும். தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் ஐபிசெக் வேகம் என்று தனி வரி இருக்கும், அதைப் பாருங்கள். எங்களுடையது 100 மெகாபிட் இணைப்பு. நாங்கள் அனுப்புவது ஸ்கேன் செய்த ஏடுகள்தாம். ஆதலால் அது எங்களுக்குப் பெரிய தடையாகவில்லை.

இந்த நேரத்தில்தான் துபாயிலிருந்து ஒரு சகோதரர், நாங்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, தம் பழைய அலுவலகத்தில் இருந்த சிஸ்கோ ஆர்.வி.130 ரவுட்டர்கள் இரண்டை ஸதகாவாகக் கொடுத்தனுப்பினார். பெரிய நிறுவனத்தின் கருவி, வி.பி.என் வசதி உண்டு, விலையும் இல்லை. பொருளாளர் மகிழ்ந்தார். எங்கள் மாணவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ஹஜ்ரத், இத மாட்ட வேண்டாம்.” அந்த வரிசைக் கருவிகளின் ஆயுட்காலம் முடிந்துவிட்டதாகத் தயாரிப்பாளர் அறிவித்திருந்தார். 2022 செப்டம்பரில் அவற்றின் வி.பி.என் பகுதியிலேயே, கடவுச்சொல் இன்றி வெளியாள் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அதை அடைக்கும் திருத்தம் வராது, புதிய கருவிக்கு மாறுங்கள் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் விளக்குகள் பச்சையாக எரியும். பூட்டு மட்டும் வேலை செய்யாது.

ஸதகாவாக வந்ததை மறுப்பது எங்களுக்கு எளிதாக இல்லை. யார் பேசுவது என்பதற்கே ஒரு மஷூரா தேவைப்பட்டது. அலைபேசியில் அழைத்து, அந்த உம்மா சொன்னதைப் பெயர் குறிப்பிடாமல் அவரிடம் சொன்னோம். அவர் நீண்ட நேரம் ஓட்டை எது, எந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், தம் இப்போதைய அலுவலகத்திலும் அதே வரிசைக் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். மறுநாள் புதிய கருவிகளுக்கான தொகையில் பாதியை அனுப்பினார்.

மீதமிருந்த இரண்டில் ஒன்று மைக்ரோடிக் ஹெக்ஸ், மற்றொன்று டி.பி.லிங்க் இ.ஆர்.605. இரண்டிலும் ஐந்து கிகாபிட் வாசல்கள். இரண்டும் பத்தாயிரம் ரூபாய்க்குள். மைக்ரோடிக்கில் செய்ய முடியாதது அரிது என்று தெரிந்தவர்கள் புகழ்ந்தார்கள். அதுவே எங்களுக்கு அச்சம் தந்தது, ஏனெனில் அதில் ஒரு வரியைத் தவறாக எழுதினால் வாசல் திறந்துகொண்டதுகூட எங்களுக்குத் தெரியாது. 2018 மே மாதம் வி.பி.என்.ஃபில்டர் என்ற தீங்கு நிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது தெரியவந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள், மைக்ரோடிக், டி.பி.லிங்க் இரண்டின் கருவிகளும் அப்பட்டியலில் இருந்தன. தன் கருவிகளில் பயன்படுத்தப்பட்ட ஓட்டையை 2017 மார்ச்சிலேயே அடைத்துத் திருத்தம் வெளியிட்டுவிட்டதாக மைக்ரோடிக் சொன்னது. அதாவது மருந்து ஓராண்டுக்கு முன்னரே வந்திருந்தது. எடுத்துப் போட ஆளில்லை. இதைப் படித்த பிறகு எந்த நிறுவனம் என்ற கேள்வி எங்களுக்குச் சிறியதாகிவிட்டது. எங்கள் கையில் உள்ள ஆள் எதைக் கவனித்துக்கொள்ள இயலும் என்று பார்த்து, எளிய திரையுள்ள இ.ஆர்.605 இரண்டை வாங்கினோம். வல்லுநர் ஒருவர் உடனிருக்கும் அலுவலகம் மற்றதை எடுத்தால் நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

மாட்டிய அன்று இணைப்பு எழவில்லை. இரண்டு அறையிலும் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கியதுதான் காரணம். இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் வைத்தால் தபால்காரர் எங்கே போவார்? மேலப்பாளையத்து முகவரியை 192.168.20 என்று மாற்றினோம். அப்போதும் அம்பாசமுத்திரத்திலிருந்து மேலப்பாளையத்தை அழைக்க இயலவில்லை. மேலப்பாளையத்து இணைப்பு நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ரவுட்டரில் தெரியும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் உங்களுக்கும் அதே நிலைதான். ஒரு முனையிலாவது நிலையான பொது முகவரி இருந்தால் போதும். அம்பாசமுத்திரத்தில் மாதக் கட்டணம் செலுத்தி ஒன்றைப் பெற்று, மேலப்பாளையம் அழைக்க இது பதில் சொல்லும்படி அமைத்தோம். வாங்குமுன் இதை விசாரித்திருந்தால் இரண்டு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றினோம். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை அணைத்தோம். இரு இடத்திலும் சிறிய யு.பி.எஸ் வைத்தோம். ஏடுகள் உள்ள கணினியின் ஒரு நகலை, இணையத்தோடு தொடர்பில்லாத வட்டில் எடுத்து, மூல தஃப்தர்களோடு இரும்பு அலமாரியில் பூட்டினோம். மலையிலிருந்து வந்த தகரப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது.

முதல் வாரத்தில் நாலுமுக்கில் பிறந்த ஒரு சகோதரர், தம் வாப்பாவின் நிகாஹ் பதிவு கேட்டு மேலப்பாளையத்துக்கு வந்தார். அங்கிருந்தே ஏட்டைத் திறந்து அச்செடுத்துக் கொடுத்தார்கள். அவர் காகிதத்தை வாங்கியதும் முதலில் பார்த்தது சாட்சிகளின் கையெழுத்தை. இருவரும் மாஞ்சோலை அடக்கத்தலத்தில் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின், புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சாவடிப் பதிவையும் ஒருமுறை புரட்ட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். இதுவரை அதைச் செய்துவந்த மாணவருக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. துல்ஹஜ் முடிந்ததும் புறப்படுகிறார். அவர் போவதற்குள் இருவருக்காவது கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். ஒருவர் ஒப்புக்கொண்டார். இரண்டாமவராக எங்களுள் ஒருவரே, இந்த வயதில், குறிப்பேட்டோடு அந்தத் திரையின் முன் அமர்ந்திருக்கிறோம்.